நகைக்கு நாலு நட்சத்திரம், பில் கவுன்ட்டருக்கு ஒன்று

திருச்சி என்.எஸ்.பி. ரோட்டை ஒட்டிய ஒரு நகைக்கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. நான் சொல்லப்போகும் பழக்கம் அந்த ஒரு கடையோடு நிற்பதில்லை. ஒரு பெயரைப் போட்டால் மற்றவர்கள் தங்களைப் பற்றியது இல்லை என்று நகர்ந்துவிடுவார்கள். நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நகைக்கடைகளின் கணக்கும் எங்கள் மேசைக்கு வரும். அதனால் கடைக்காரர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும்.

2025 ஜனவரியில், பவுன் அறுபதாயிரத்தைத் தாண்டிய வாரம் போனோம். ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் பக்கம் பூ விற்கும் அக்காவின் மகளுக்கு மாசியில் கல்யாணம். இரண்டு பவுனில் ஒரு சங்கிலி வாங்க வேண்டும், பில்லில் என்னென்னவோ போடுவார்கள், கூட வா பாப்பா என்று கூப்பிட்டார். எனக்கும் பழைய சங்கிலி ஒன்றைக் கொடுத்துவிட்டு ஜிமிக்கி எடுக்கும் வேலை இருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விற்பனைப் பகுதியில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. சங்கிலிப் பிரிவில் இருந்த பெண் அக்காவை உட்காரவைத்து, தட்டு தட்டாக எடுத்துக் காட்டினார். முறுக்குச் சங்கிலி சீக்கிரம் அறுந்துபோகும், தினமும் போடுவதற்கு என்றால் இது வேண்டாம் என்று அவரே சொன்னார். விலை கூடுதலான பொருளைத் தள்ளிவிடப் பார்க்கவில்லை. எடை போடும்போது தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று எங்களைப் பார்க்கச் சொன்னார். கொக்கிக்குப் பக்கத்தில் இருந்த ஹால்மார்க்கைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார்: இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை, 22 காரட் என்பதற்கான 22கே916, அதன்பின் ஆறு இலக்க எச்யூஐடி. எழுத்தும் எண்ணும் கலந்த அந்த அடையாளம் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். என் போனில் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. நகை வாங்கும் எல்லோரும் கடையை விட்டு இறங்குமுன் இதைச் செய்துவிடுங்கள்.

சேதாரம் பன்னிரண்டு சதவீதத்தில் ஆரம்பித்து ஒன்பதில் நின்றது. அன்றைய விலை கிராம் 7,525. பதினாறு கிராமுக்கு 1,20,400, சேதாரத்தோடு 1,31,236, அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி, ஹால்மார்க்குக்கு 45 ரூபாயும் அதற்கு வரியும். மொத்தம் 1,35,226 ரூபாய். எஸ்டிமேட் சீட்டில் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருந்தது. இந்த அளவுக்குத் தெளிவாக எழுதித் தரும் கடைகள் ஊரில் குறைவு. இதுவரைக்கும் நாலு நட்சத்திரம். காபி ஆறிப்போய் வந்ததற்காக ஐந்து தரவில்லை.

பில் போடும் இடம் மாடியில். எங்களுக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பணம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கொடுத்தது ரொக்கம். "சார், பேரு, போன் நம்பர் சொல்லுங்க" என்றார்கள். சொன்னார், பில் வந்தது, போய்விட்டார்.

அடுத்தது என் முறை. பழைய சங்கிலியை உரசி, உருக்கிப் பார்த்து, அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்கினார்கள். கார்டைச் செருகிப் பின் நம்பர் போட்டேன். அந்தப் பழைய நகை என்னுடையதுதானா என்று யாரும் கேட்கவில்லை. வாங்கிய பில் இருக்கிறதா, அடையாள அட்டை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருக்க வேண்டும். திருட்டு நகை கை மாறும் இடம் அதுதான்; தெரிந்தே வாங்கினால் கடைக்காரருக்கே ஜெயில். அந்த இடத்தில் அட்டை கேட்டால் நான் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

பிறகு அக்கா. மஞ்சள் பையிலிருந்து பணத்தை எடுத்தார். ஐந்நூறு, இருநூறு, நூறு எல்லாம் கலந்த கட்டுகள், ரப்பர் பேண்டு போட்டது. ஏலச்சீட்டு எடுத்த பணமும், சாத்தார வீதியில் விடியற்காலையில் பூ எடுத்து முழம் முழமாக விற்றுச் சேர்த்ததும். கவுன்ட்டரில் இருந்த பையன் கட்டுகளைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "ஏம்மா, ஆதார் கார்டு இருக்கா?"

இல்லை. பூக்கூடையைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு நேரே வந்தவர்.

"அப்ப பில் போட முடியாதும்மா. வீட்டுல யாராச்சும் இருந்தா போட்டோ எடுத்து என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லு."

அக்கா போனை எடுத்துவிட்டார். "பையன் கேக்குறான், குடுத்துட்டுப் போயிடலாம் பாப்பா" என்றார். எதிர்த்துக் கேட்கலாம் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. ரேஷன் கடையில் கேட்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், சிலிண்டருக்குக் கேட்கிறார்கள், இங்கேயும் கேட்கிறார்கள். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. ஒரு கடை ஊழியரின் சொந்தப் போனில் ஒரு பெண்ணின் ஆதார் படம் எதற்கு இருக்க வேண்டும்? அதை எப்போது அழிப்பார், யாருக்கு அனுப்புவார் என்று யார் கணக்குப் பார்ப்பது? அனுப்ப வேண்டாம் என்று சொல்லி மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன்.

மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "கவர்மென்ட் ரூல் மேடம்" என்றார் முதலில். அப்படி ஒரு விதி இல்லை. இருப்பது இதுதான்: எந்தப் பொருளானாலும் ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சத்துக்கு மேல் போனால் பான் எண் கொடுக்க வேண்டும். ரொக்கம், கார்டு, செக் எதில் கட்டினாலும் இது உண்டு. 2016 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. பான் இல்லாதவர் அதற்குப் பதிலாக ஒரு உறுதிமொழிப் படிவம் எழுதித் தரலாம். தனியாக, 2017 ஏப்ரல் முதல் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. மீறினால் அபராதம் வாங்கியவர் தலையில்தான். 2020 டிசம்பர் கடைசியில் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் நகை வியாபாரிகளைக் கொண்டுவந்தபோது, இனிமேல் ஒரு மோதிரம் வாங்கினாலும் ஆதார் கேட்பார்கள் என்று புரளி கிளம்பியது. அந்த அறிவிப்பு 10 லட்சமும் அதற்கு மேலும் உள்ள ரொக்கத்துக்கானது; 2 லட்சத்துக்குக் குறைவாக ரொக்கத்தில் நகை வாங்குபவர் எந்த அடையாள ஆவணமும் தரத் தேவையில்லை என்று 2021 ஜனவரியில் நிதி அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. அக்காவின் பில் 1,35,226.

இதைச் சொன்னதும் "அது கம்பெனி பாலிசி மேடம்" என்று மாறினார். சரி, பாலிசி வைத்துக்கொள்ள ஒரு கடைக்கு இடம் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லட்சத்துக்கு மேல் ரொக்கம் என்றால் அட்டை காட்ட வேண்டும் என்று வாசலிலும் கவுன்ட்டரிலும் எழுதி மாட்டி, எல்லோரிடமும் கேட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எழுதி மாட்டவில்லை. எங்களுக்கு முன்னால் ரொக்கம் கட்டியவரிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். "அவர் ரெகுலர் கஸ்டமர்." நான் அந்தக் கடைக்கு முதல்முறை வந்தவள், என்னிடம் ஏன் கேட்கவில்லை? பதில் இல்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கியது. "பிரச்சினை வேண்டாம் மேடம். உங்க ஆதார் கார்டைக் குடுங்க, உங்க பேர்ல பில் போட்டுடுறோம்."

அப்படியென்றால் அவர்களுக்கு வேண்டியது ஆவணம் இல்லை. அக்காவின் பணத்துக்கு, பார்த்தால் படித்தவளாகத் தெரியும் ஒருத்தியின் ஜாமீன் வேண்டும். கணக்கு வழக்கு தெரிந்தவளாகவும் சொல்கிறேன், இது தவறான யோசனை. அக்கா வாங்கிய நகைக்கு என் பெயரில் பில் இருந்தால் அது பொய்யான பில். நாளைக்கு அந்தச் சங்கிலி தொலைந்து ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனால், கையில் காட்ட அவர் பெயரில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. மாற்றும்போதும் விற்கும்போதும் இதே கதை. பில் அவருடைய சொத்துக்குச் சாட்சி. அதைக்கூட இன்னொருத்தி பெயரில் எழுதச் சொல்கிறார்கள்.

கடைக்காரர்களின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கள்ள நோட்டு பயம் என்றால், எண்ணும் மிஷின் பக்கத்திலேயே இருந்தது. நோட்டைத்தான் சோதிக்க வேண்டும், நோட்டைக் கொண்டுவந்தவரை அல்ல. கார்டு மோசடி பயம் என்றால், 5,000 ரூபாய்க்கு மேல் பின் நம்பர் இல்லாமல் கார்டு நகராது. திருட்டுப் பணமோ என்ற சந்தேகம் என்றால், ஆதார் நகலை ஃபைலில் செருகி வைப்பதால் எதுவும் தெளிவாகாது. அட்டையிலுள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து சரிபார்க்கும் வழக்கமும் அங்கே இல்லை. வாட்ஸ்அப் படம் எதையும் நிரூபிக்காது. ஆதாருக்கென்று ஒரு எல்லையும் இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் கேட்க வழிவிட்ட, ஆதார் சட்டத்தின் 57-வது பிரிவின் பகுதியை 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வேறு அட்டை காட்டுகிறேன் என்றால் அதை ஏற்க வேண்டும். ஆதார்தான் கையில் இருக்கிறது என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை இறக்கி வைத்துக்கொள்ளலாம். அக்காவின் மகள் போனில் அன்று இரவே இறக்கிக் கொடுத்தேன்.

அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துக் கடைகளுக்குள் நுழைய யாருக்கும் தடை போடக் கூடாது என்கிறது. கடைகள் என்ற சொல்லே அதில் இருக்கிறது. ரப்பர் பேண்டு போட்ட நோட்டும் ரப்பர் செருப்பும் அந்தப் பட்டியலில் வரவில்லை. அதனால் அந்தப் பிரிவைக் காட்டி என்னால் அந்தக் கடை மீது வழக்குப் போட முடியாது. ஆனால் அந்தச் சொல்லை அங்கே எழுதிவைத்தவர்கள் எதை மனதில் வைத்து எழுதினார்கள் என்று நமக்குத் தெரியும். கடைக்குள் வந்த பிறகு ஒருவரைச் சாராகவும் இன்னொருவரைச் சந்தேகத்துக்குரியவராகவும் பிரிப்பது அதற்கு வெகு பக்கத்தில்தான் நிற்கிறது.

கடைசியில் பேரும் போன் நம்பரும் மட்டும் வாங்கிக்கொண்டு அக்கா பெயரிலேயே பில் போட்டார்கள். போன் நம்பரும்கூட விருப்பமிருந்தால் தரலாம். கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் துறை வியாபாரிகளுக்கு அறிவுரை கொடுத்திருக்கிறது. அக்காவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை, கொடுத்தார். ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். படியிறங்கும்வரை அவர் பேசவில்லை. கீழே வந்ததும், நகை நன்றாக இருக்கிறதா என்று திரும்ப ஒருமுறை கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையிலேயே நல்ல வேலைப்பாடு.

கடைக்கு ஒரு கடிதம் எழுதினேன். எந்தத் தொகைக்கு மேல், எந்த அட்டை, எதற்காக, நகலை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதைத் தமிழில் எழுதி மாட்டுங்கள். பழைய நகை கொடுக்கும் எல்லோரிடமும் அட்டை கேளுங்கள், என்னிடமும் கேளுங்கள். ஊழியர்களின் சொந்தப் போனில் யாருடைய ஆதாரும் வரக் கூடாது. இவ்வளவுதான் கேட்டேன். போன் செய்து, ஸ்டாஃபுக்குச் சொல்லியிருக்கிறோம் மேடம் என்றார்கள். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். உங்களுக்கு இப்படி நடந்தால் குரலை உயர்த்த வேண்டாம். எந்த விதி, எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் கேளுங்கள்.

மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுக்க அக்கா அங்கே போகவில்லை. சின்னக்கடை வீதியில் ஒரு சிறிய கடையில் எடுத்தார். சேதாரம் கொஞ்சம் கூடுதல்தான். பெயரைக் கேட்டு எழுதி, பில்லைக் கையில் கொடுத்தார்கள்.

நான் ஜிமிக்கி வாங்கிய கடைக்கு மொத்தத்தில் இரண்டு நட்சத்திரம். அந்த போர்டை மாட்டினால் வந்து பார்த்து இந்த விமர்சனத்தைத் திருத்துவேன்.