இன்ஸ்ப்ரூக் 1976: ஃபிரான்ஸ் கிளாமர் ஓட்டத்தின் காணொளிப் பதிவு

1976 பிப்ரவரி 5 அன்று, இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கின் டவுன்ஹில் போட்டியில் ஆஸ்திரிய வீரர் ஃபிரான்ஸ் கிளாமர் தங்கம் வென்றார். வீரர்கள் ஒவ்வொருவராக மலைச்சரிவில் சறுக்கி இறங்க, மிகக் குறைந்த நேரத்தில் முடிப்பவர் வெல்லும் பனிச்சறுக்குப் பந்தயம் இது. அந்த ஓட்டத்தின் தொலைக்காட்சிப் பதிவு, பழைய விளையாட்டுக் காட்சிகளைத் தொகுத்தளிக்கும் இணையச் சேவை ஒன்றில் இலவசமாகக் கிடைக்கிறது. பனிச்சறுக்கு பற்றி எதுவும் அறியாதவர்களும் இதைப் பார்க்க வேண்டும் என்றே சொல்வேன்.

பாட்சர்கோஃபெல் மலைச்சரிவில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளும் தடம் அது. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் பெர்ன்ஹார்ட் ரூசி, முன்னதாகவே இறங்கி 1 நிமிடம் 46.06 வினாடிகளில் பந்தயத்தை முடித்திருந்தார். 15ஆம் எண்ணுடன், மஞ்சள் உடையில், சொந்த நாட்டு மக்களின் எதிர்பார்ப்பு முழுவதையும் சுமந்து புறப்பட்ட கிளாமர், இடைநிலை நேரக் கணக்கில் ரூசியைவிடப் பின்தங்கியே இருந்தார். இந்த ஆட்டத்தில் காற்றின் தடையைக் குறைக்க உடலைக் குறுக்கி, கைகளை முன்னே சேர்த்துக் குனிந்திருப்பதுதான் முறை. கிளாமரோ கைகள் இருபுறமும் விரிய, ஊன்றுகோல்கள் காற்றில் அலைய, ஒரு காலின் ஸ்கீ (சறுக்குப் பலகை) பனியை விட்டு எழும்ப, ஓரத்து வேலியை உரசிவிடுவாரோ என்று அஞ்சும்படி வளைவுகளைக் கடக்கிறார். ஒவ்வொரு முறையும் விழுந்துவிட்டார் என்றே தோன்றுகிறது; ஆனால் அடுத்த கணமே ஸ்கீக்கள் மீண்டும் சரிவின் போக்கில் திரும்பியிருக்கின்றன. தடத்தின் கீழ்ப்பகுதியில்தான் இழந்த நேரத்தை மீட்டார். 1 நிமிடம் 45.73 வினாடிகள், வெற்றிக்கான இடைவெளி வெறும் 0.33 வினாடி. சராசரி வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல்.

படத்தின் தரம் அக்காலத் தொலைக்காட்சிக்கு உரியதே. அது எனக்குக் குறையாகப் படவில்லை. ரூசியின் ஓட்டம் இதனுடன் இணைக்கப்படாததுதான் பெருங்குறை. அவர் எவ்வளவு சீராக இறங்கினார் என்பதைக் கண்ட பிறகே, கிளாமர் துணிந்த துணிவின் அளவு முழுமையாக விளங்கும்.

இன்னொரு வருத்தமும் உண்டு. இந்த ஒரு காட்சியின் புகழ், அவருடைய நீண்ட விளையாட்டு வாழ்க்கையை மறைத்துவிட்டது. பருவம்தோறும் பல இடங்களில் தொடராக நடக்கும் உலகக் கோப்பையில், 1974-75 பருவத்தின் 9 டவுன்ஹில் போட்டிகளில் எட்டை வென்றவர் அவர். உலகக் கோப்பையில் அவர் பெற்ற 25 டவுன்ஹில் வெற்றிகள், ஆண்கள் பிரிவில் இன்றும் சாதனையாக நிற்கின்றன. 1975 முதல் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலகக் கோப்பையின் டவுன்ஹில் பட்டத்தைத் தன்வசம் வைத்திருந்தவருக்கு, 1980 ஒலிம்பிக் அணியில் இடம்கூடக் கிடைக்கவில்லை. அந்தச் சரிவிலிருந்து எழுந்து 1983இல் ஐந்தாம் முறையாகப் பட்டம் வென்றதை, இன்ஸ்ப்ரூக் தங்கத்துக்குச் சற்றும் குறைந்ததாக நான் கருதவில்லை. அதற்கடுத்த ஆண்டு, தம் 30ஆம் வயதில், டவுன்ஹில் தடங்களிலேயே மிகக் கடினமானதாகப் பெயர்பெற்ற, ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூலில் நான்காவது முறையாக வென்றார். சேவையை நடத்துவோர் அந்த ஓட்டத்தையும் இதனுடன் சேர்த்து வழங்கினால், கட்டணம் செலுத்தியும் பார்க்கலாம்.