சேலைப் படத்துக்கு எது சரி: ஜேபெக், பிஎன்ஜி, எச்இஐசி?

இளம்பிள்ளையில் தறியை விட்டு இறங்கிய சேலை கடைக்குப் போகும் முன்பே வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிவிடுகிறது. நிறம் மாறித் தெரிந்தால் பெரும்பாலும் ட்யூப்லைட்தான் காரணம். ஆனால் கரை கலங்கித் தெரிந்தால் கோப்பு வகையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஜேபெக் 1992-இல் வந்த தரநிலை. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் கண்டுகொள்ளாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். வெளிச்சத்தை முழு அளவில் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பாதி அகலம், பாதி உயரத்தில் சேமிப்பதும் வழக்கம். பச்சை உடலில் மெல்லிய சிவப்புக் கரை ஓடினால், ஓரத்தில் சாயம் கசிந்த மாதிரி தெரிவது இதனால்தான். விலை எழுதி ஒருமுறை, மாற்றி எழுதி இன்னொரு முறை என்று சேமிக்கச் சேமிக்க இன்னும் தேயும். அதனால் மூலப்படத்தைத் தொடாமல் வைத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். அப்படி வைத்துக்கொண்டால் சேலைக்கு ஜேபெக்கே போதும் என்பேன்.

பிஎன்ஜி ஒரு பிக்சலையும் இழக்காது. ஜிஐஎஃப் வகையின் காப்புரிமைத் தகராறால் 1996-இல் பிறந்தது. அதற்காக எல்லாச் சேலையையும் பிஎன்ஜியில் போட்டால் கோப்பு பல மடங்கு பெருத்து, போன்தான் நிரம்பும். அது விலைப்பட்டியலுக்கும் லோகோவுக்கும்தான் பொருத்தம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசைப் பின்னணி இல்லாமல் வெட்டி எடுக்கவும் இதுதான் வேண்டும். ஜேபெக்கில் ஒளிபுகும் பின்னணி கிடையாது.

ஐபோன் 2017 முதல் எடுக்கும் எச்இஐசி, ஜேபெக்கில் ஏறக்குறைய பாதி இடத்தில் அடங்கும். நல்ல சரக்குதான். ஆனால் ஃப்ளெக்ஸ் கடையின் பழைய கம்ப்யூட்டர் "திறக்கலைங்க" என்று கையை விரித்துவிடும். கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் பகுதிக்குப் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றினால் இனி எடுப்பதெல்லாம் ஜேபெக்.

கூகுளின் வெப்பி (WebP, 2010) என்ற பட வகை சொந்த இணையதளத்துக்குச் சரி, அச்சுக்கு வேண்டாம்.

ஏற்காடு லேடீஸ் சீட்டில் பனிமூட்டம் எடுப்பவர்கள் கதை வேறு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள்தான். பிறகு வெளிச்சத்தைக் கூட்டினால் பனி பட்டை பட்டையாகப் பிரியும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில், அது 14 பிட் என்றால், 16,384 படிகள். அங்கே மட்டும் நான் ரா பக்கம்.

அப்புறம், எந்த வகையானாலும் வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கிவிடும்.