முட்டைக்கோழித் தீவனத்துக்கு மஞ்சள்: எந்த மூட்டையை வாங்கலாம்?

தீவனச் சேர்மானமாக மஞ்சள் இப்போது மூன்று உருவில் கிடைக்கிறது: வெறும் மஞ்சள் தூள், அதன் நிறத்துக்கும் பலனுக்கும் காரணமான குர்குமினைப் பிரித்துச் செறிவாக்கிய பொடி, மஞ்சளோடு பூண்டு, வேம்பு, கீழாநெல்லி சேர்த்த கல்லீரல் மூலிகைக் கலவை. முட்டைக்கோழிக்குப் பணம் போட்டு வாங்கத் தகுந்தது முதலாவதுதான், அதுவும் சோதித்து வாங்கினால்.

மஞ்சள் கோழியின் 'மரபணுவையே மாற்றிவிடும்' என்று சொல்லி விற்பது வெறும் விற்பனைப் பேச்சு. மரபணு அப்படியேதான் இருக்கும். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் கூடிக் குறைகிறது. செல்லுக்குள் என்.ஆர்.எஃப்-2 என்ற புரதத்தைக் கீப்-1 என்ற இன்னொரு புரதம் பிடித்து வைத்திருக்கும். குர்குமின் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. விடுபட்ட புரதம் உட்கருவுக்குப் போய், கேட்டலேஸ், எஸ்.ஓ.டி. போன்ற காப்பு நொதிகளின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இன்னொரு பக்கம் அழற்சியைக் கிளப்பும் என்.எஃப்-கப்பா-பி பாதை அடங்குகிறது.

கோழியில் இதற்கு நல்ல சான்று மிசோரி பல்கலைக்கழகத்தின் 2009 ஆய்வு. தீவனத்தில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அஃப்ளாடாக்சின் பி-1 என்ற பூஞ்சண நஞ்சு கொடுத்த குஞ்சுகளின் கல்லீரலில் காப்பு மரபணுக்கள் தணிந்தன, ஐ.எல்-6 போன்ற அழற்சி மரபணுக்கள் ஏறின. 0.5 சதவீத மஞ்சள் தூள் சேர்த்தபோது அந்தப் பாதிப்பு குறைந்தது. ஆனால் அவை பிராய்லர் (கறிக்கோழி) குஞ்சுகள். கல்லீரலில் மரபணு வேலை கூடியது என்பதை வைத்து முட்டை கூடும் என்று கணக்குப் போடக் கூடாது. நல்ல மக்காச்சோளம், மிதமான வெயில், நோயில்லாத கொட்டகை என்றால் மஞ்சள் போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் தெரியாமலே போகலாம். நாமக்கல் பக்கம் ஏப்ரல், மே வெக்கையிலும், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த சோளம் வரும்போதும்தான் இதற்கு வேலை.

மூட்டை வாங்கும்போது கேட்க வேண்டியது கிலோ விலையை அல்ல, குர்குமின் சதவீதத்தை. அந்த ஆய்வில் டன்னுக்கு 5 கிலோ தூள் போட்டும் கிடைத்த குர்குமினாய்டு (குர்குமினும் அதன் இனப் பொருள்களும்) தீவனம் கிலோவுக்கு 74 மில்லிகிராம்தான்; அதாவது தூளில் இருந்தது ஏறக்குறைய 1.5 சதவீதம். 3 சதவீதம் உள்ள விரலி மஞ்சள் கிடைத்தால் டன்னுக்கு இரண்டரைக் கிலோவே அதே அளவைத் தந்துவிடும். மூலிகைக் கலவை இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. பத்து மூலிகையின் பெயர் இருக்கும், ஒன்றின் அளவும் இருக்காது. செறிவுப் பொடியில் சதவீதம் தெளிவாக இருக்கும்; ஆனால் டன்னுக்குச் சில நூறு கிராம்தான் என்பதால் சீராகக் கலப்பது கடினம். மிளகின் பிப்பரின் சேர்ந்த பொடி என்றால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்: குர்குமின் உடலில் சேர்வதைக் கூட்டும் பிப்பரின், கூடக் கொடுக்கும் மருந்துகளையும் அதேபோல் கூட்டக்கூடும்.

கலப்படம் பார்க்க, சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகைத் தூள் போட்டு, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விடுங்கள் (கையுறை போட்டுத்தான்). இளஞ்சிவப்பு வரும். தண்ணீர் ஊற்றியதும் நிறம் போனால் மஞ்சளின் சொந்த நிறம். போகாமல் நின்றால் மெட்டானில் மஞ்சள் சாயம். மாவுக் கலப்படத்தைக் காட்டும் அயோடின் சோதனை இங்கே உதவாது, மஞ்சளிலேயே மாவுச்சத்து உண்டு. தீவனத்துக்கென்று அடிமாட்டு விலைக்கு வரும் தூளில் மஞ்சளைப் பாலிஷ் போடும்போது உதிரும் கழிவும் சேர்ந்திருக்கலாம். விரலியாக வாங்கி அரைத்துக்கொள்வதே மேல்.

மிக்சரில் 5 கிலோவை நேராகக் கொட்டினால் ஒரு கூண்டுக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குச் சுத்தமாக இல்லாமலும் போகும். முதலில் 20 முதல் 25 கிலோ தவிட்டோடு கையால் கலந்து, சோளமும் சோயாவும் சுற்றத் தொடங்கிய பிறகு சேருங்கள், எண்ணெய் கடைசியில். எண்ணெய் முந்தினால் தூள் கட்டி கட்டியாகிவிடும். தண்ணீரில் கொடுக்கவே வேண்டாம். குர்குமின் நீரில் கரையாது, அடியில் தங்கி, கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிளை அடைக்கும். வெளிச்சத்திலும் அது சிதையும். பிரித்த மூட்டையை வாசலோரம் வைக்காதீர்கள்.

மஞ்சள் போடுகிறோமே என்று டாக்சின் பைண்டரை நிறுத்துவது பெரிய தவறு. பைண்டர் குடலிலேயே நஞ்சைப் பிடிக்கிறது, மஞ்சளோ, அதைத் தாண்டிக் கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்த நஞ்சைச் சமாளிக்கிறது. முட்டைக் கருவின் நிறத்துக்கும் இதை நம்ப வேண்டாம். அதற்குச் செண்டுமல்லிப் பூ சாறோ மஞ்சள் சோளமோதான்.

செலவு: கோழி நாளுக்கு 110 கிராம் தின்றால் 0.5 சதவீதக் கணக்கில் 0.55 கிராம் மஞ்சள். பத்தாயிரம் கோழிக்கு ஐந்தரைக் கிலோ. கிலோ 150 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 825 ரூபாய், முட்டைக்கு எட்டு ஒன்பது பைசா. ஆண்டு முழுக்க இதைத் தாங்க முடியாது. வெயில் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு போட ஆரம்பித்து, வெக்கை தணிந்ததும் நிறுத்திவிடலாம்; மழைக்காலத்தில் பூஞ்சணச் சோளம் வந்தால் மறுபடி போடலாம்.