வீட்டில் செய்யும் இரட்டை அடுக்கு சர்க்யூட் போர்டில் வியா: கம்பியா, ரிவெட்டா, மின்முலாமா?

இருபுறமும் செம்பு கொண்ட போர்டை வீட்டிலேயே எட்ச் செய்பவருக்கு, அதாவது வேண்டாத செம்பை ரசாயனத்தால் அரித்தெடுப்பவருக்குத், தடங்களை வரைவது பெரிய வேலையே அல்ல. மேல் தடத்தையும் கீழ்த் தடத்தையும் இணைக்கும் வியாதான் தலைவலி. தொழிற்சாலையில் துளையின் உட்சுவரிலேயே செம்பு படியவைத்துவிடுகிறார்கள். நாம் போடும் துளைக்குள் இருப்பதோ வெறும் எபாக்சியும் கண்ணாடி இழையும். பல ஆண்டுகளாக எல்லா வழிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகும், அன்றாட வேலைக்கு நான் எடுப்பது சாதாரணக் கம்பியைத்தான்.

ஒரு பக்கம் பற்றவைத்துவிட்டு மறுபக்கம் சூடு காட்டினால் முதல் பக்கத்து ஈயமும் உருகிக் கம்பி நழுவிவிடும் என்று பலர் குறைப்படுவதுண்டு. துண்டு துண்டாகச் செருகினால் அப்படித்தான் ஆகும். அதற்குப் பதிலாக, வெள்ளீயம் பூசிய ஒரே நீளக் கம்பியைத் தையல் போடுவதுபோல் மேலும் கீழுமாகப் பல துளைகளில் கோத்து, இருபுறமும் எல்லா இடங்களையும் பற்றவைத்து முடித்த பின்னரே இடையில் ஓடும் கம்பியை வெட்டி எடுத்தால் ஒன்றும் அசையாது. மேற்பரப்பில் பொருந்தும் ஐசியின் அடியில் மட்டும் 0.25 மி.மீ. கம்பியைப் பயன்படுத்தி, மேட்டை மெல்லிய அரத்தால் தேய்த்துவிட வேண்டும். இல்லையெனில் ஐசி சமமாக உட்காராது.

துளையில் செருகி விளிம்பைத் தட்டி விரிக்கும் சிறு உலோகக் குழலான ரிவெட், பார்வைக்கு மிக நேர்த்தியானது. ஆனால் 0.9 மி.மீ. ரிவெட்டுக்குக்கூட அகலமான பேட் (துளையைச் சுற்றியுள்ள செம்புப் பரப்பு) ஒதுக்க வேண்டியிருப்பதால் நெருக்கமான வடிவமைப்புக்கு அது ஒத்துவராது. அதைவிட முக்கியமானது, தட்டி விரித்ததோடு நிறுத்திவிட்டால் இணைப்பு வெறும் அழுத்தத்தில்தான் நிற்கிறது. தடிமன் திசையில் எஃப்ஆர்4 பலகை (எபாக்சியும் கண்ணாடி இழையும் சேர்ந்த போர்டு), செம்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரிவடையும்; சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் விளிம்பு சற்றே தளர, இடையில் ஆக்சைடு படிகிறது. அன்று மல்டிமீட்டரில் பீப் ஒலித்த வியா, பின்னாளில் விரலால் அழுத்தினால் மட்டும் வேலை செய்யும். ஃப்ளக்ஸ் தடவி இருபுற விளிம்பையும் பற்றவைத்த ரிவெட்டுகள் இதுவரை தொந்தரவு தந்ததில்லை.

துளைக்குள் நிரப்பும் மின்கடத்தும் வெள்ளிப் பசையைச் சிறிய சிக்னல் தடங்களுக்கு மேல் நம்ப முடியவில்லை.

மின்முலாம்தான் முறையான வழி. துளைச்சுவரில் முதலில் கிராஃபைட் போன்ற மின்கடத்தும் பூச்சு கொடுத்து, அமிலம் கலந்த காப்பர் சல்ஃபேட் குளியலில் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்பியர் வீதம் செலுத்தினால், ஒரு மணி நேரத்தில் சுமார் 25 மைக்ரான் செம்பு படியும். ஆனால் மேற்பரப்புச் செம்பும் கூடவே தடிக்கும், எட்சிங் நீளும். குளியலைப் பராமரிக்க வேண்டும், கழிவைச் சாக்கடையில் கொட்டவும் கூடாது. எப்போதாவது ஒரு போர்டு செய்பவருக்கு இத்தனை பாடு தேவையில்லை என்பதே என் கருத்து.

எந்த முறையானாலும் வியாக்களின் எண்ணிக்கையை வடிவமைப்பிலேயே குறைத்துக்கொள்வது நல்லது. ரெசிஸ்டர் கால்களை இருபுறமும் பற்றவைத்தாலே பாதித் தேவை தீர்ந்துவிடும்; கனெக்டர், மின்பகுப்புக் கெபாசிட்டர் ஆகியவற்றின் மேல்புறத்தில் சோல்டரிங் முனை நுழையாது என்பதால், அவற்றுக்கு வரும் தடங்களைக் கீழ்ப்பக்கத்திலேயே கொண்டுவர வேண்டும்.