காந்தல்லூர் மலைச்சரிவில் தட்டு எறியப் போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் படிக்கவும்

உடுமலையிலிருந்து சின்னார், மறையூர் வழியாகக் கேரளாவில் இருக்கும் காந்தல்லூர் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே ஒரு தங்கும் விடுதி, மலைச்சரிவில் டிஸ்க் கோல்ஃப் திடல் இருப்பதாக விளம்பரம் செய்கிறது. போன மாதம் நானும் மைத்துனரும் பிள்ளைகளோடு போய் ஏமாந்து திரும்பினோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோல்ஃப் போன்ற ஆட்டம்தான். பந்துக்குப் பதில் கையால் வீசும் தட்டு, குழிக்குப் பதில் கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடை. கூடைக்கு மேலே தொங்கும் சங்கிலிகள் தட்டின் வேகத்தை வாங்கிக்கொண்டு அதை உள்ளே விழவைக்கும். எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர் 1970களில் உருவாக்கிய அமைப்பு இது. விளம்பரத்தில் 18 கூடைகள் என்றிருந்தது. நாங்கள் எண்ணிப் பார்த்தது 9. அவற்றிலும் நான்கில் சங்கிலியே இல்லை. குறி தப்பாமல் போன தட்டுகூடக் கம்பத்தில் டங்கென்று மோதித் தெறித்தது. கட்டணம் ஆளுக்கு 600 ரூபாய், பாதி தருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். தட்டு ஒன்றுக்கு 1000 ரூபாய் வீதம் எட்டுத் தட்டுகளுக்கு முன்பணம் வாங்கினார்கள். "திருப்பிக் கொடுத்ததும் வாங்கிக்கொள்ளலாம் சார்" என்றார் மேலாளர்.

ஐந்தாவது கூடை செங்குத்தான இறக்கத்தில் இருக்கிறது. இடப்பக்கம் புதர் மண்டிய பள்ளம். வேலியும் இல்லை, வலையும் இல்லை. வலக்கைக்காரர் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசும் தட்டு, வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாயும். இறக்கத்தில் தரையைத் தொட நேரமாவதால் இன்னும் அதிகமாகச் சாயும். திடல் அமைத்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. ஐந்து தட்டுகள் பள்ளத்துக்குள் போயின. தேடி இறங்கினால், "பாம்பு இருக்கிறது, இறங்கக் கூடாது" என்று பணியாளர் தடுத்தார். 5000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். தன்னால்தான் பணம் போயிற்று என்று என் மகள் அன்றிரவு சாப்பிடவே இல்லை.

மறுநாள் காலை கணக்கு முடிக்கப் போனபோது மேசைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் தட்டுகள் இருந்தன. மேலே கிடந்த ஆரஞ்சு நிறத் தட்டின் விளிம்பில் நகம் அளவு பிளவு. மகள் திருப்பிப் பார்த்தாள். முதல் நாள் அவள் பேனாவால் வரைந்த சின்ன நட்சத்திரம் அடிப்பக்கத்தில் அப்படியே இருந்தது, அதன்மேல் இன்னும் காயாத சேறு. "அது வேறு தட்டு சார்" என்றார் மேலாளர். தடுத்த அதே பணியாளர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

ஊர்க்காரர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பூண்டுத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வழியில் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்.

போகத்தான் வேண்டும் என்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் கூடைகளை நடந்து எண்ணுங்கள். தட்டுகளை இருபுறமும் படம் எடுங்கள். இறக்கத்தில் தட்டு விழும் இடத்தைப் பார்க்கக் கீழே ஆள் நிற்கிறாரா என்று கேளுங்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், கேரளாவுக்கு அலைய வேண்டியதில்லை. "ஐந்து தட்டு தொலைந்தது" என்று அவர்கள் கைப்பட எழுதிய ரசீதும் நட்சத்திரத்தோடு இருக்கும் தட்டின் படமும் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் வைத்துத் திருப்பூரில் மனு கொடுக்கப் போகிறேன்.