விஸ்லரா, பேக்கரா?

கனடாவின் வான்கூவரிலிருந்து பனிச்சறுக்குக்குக் கிளம்பினால் வடக்கே விஸ்லர், தெற்கே எல்லை தாண்டி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் பேக்கர். இரண்டுக்கும் பசிபிக் கடலின் ஈரக்காற்றுதான் பனியைக் கொண்டுவருகிறது. அதனால் பனி கனமாக, ஈரமாக இருக்கும். மற்றபடி இரண்டும் வேறு வேறு உலகம்.

விஸ்லர் பெரியது. இரண்டு மலைகள், 8,000 ஏக்கருக்கு மேல் சறுக்குநிலம். 2008இல் திறந்த கேபிள் கார் ஒரு மலையிலிருந்து இன்னொன்றுக்கு 4.4 கிலோமீட்டர் போகிறது. அடிவாரத்திலேயே விடுதி, உணவகம் எல்லாம் உண்டு. ஸ்குவாமிஷ், லில்வாட் பழங்குடியினரின் பண்பாட்டு மையமும் அங்கேதான். அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள், அது அவர்களுடைய மண். ஒரே குறை, செலவு. அப்புறம், மேலே பனி கொட்டும்போது கீழே கிராமத்தில் மழை பெய்வதும் சகஜம்.

பேக்கரில் மலையடியில் விடுதியே கிடையாது. தங்க வேண்டுமென்றால் கீழே கிளேசியர் என்ற சின்ன ஊர்தான். ஆனால் பனி! 1998–99 பருவத்தில் அங்கே 1,140 அங்குலம், அதாவது சுமார் 29 மீட்டர் பனி விழுந்து உலக சாதனையானது. ஒற்றைப் பலகையில் நின்று சறுக்கும் ஸ்னோபோர்டு பந்தயம் ஒன்று 1985இல் தொடங்கி இன்னும் நடக்கிறது. பரிசு, தங்க நிறம் பூசிய டக்ட் டேப் (அகலமான ஒட்டுநாடா) சுருள். பணமும் பகட்டும் இல்லாத அந்த மலைப் பண்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு விஸ்லர் சரி. நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களுக்கு என் ஓட்டு பேக்கருக்கே.