பழைய கலியாண வீடியோ கசெற்: வீட்டிலேயே இறுவட்டுக்கு மாற்ற எந்த வழி நல்லது?

யாழ்ப்பாணத்தில் பல வீட்டு அலுமாரிகளில் இன்னும் வீ.எச்.எஸ். கசெற்றுகள் இருக்கின்றன. கலியாணம், சாமத்தியவீடு, அம்மம்மாவின் செத்தவீடு என்று. இடம்பெயர்ந்தபோது உடுப்பை விட்டுவிட்டு இவற்றைத் தூக்கிக்கொண்டு போன குடும்பங்களும் உண்டு. ஆனால் போட்டுப் பார்க்க டெக் இல்லை. கடைசி ஆளாக டெக் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஊரில் ஓடுகிற டெக் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கும்போதே மாற்றிவிட வேண்டும்.

வழிகளை ஒப்பிட முன் கசெற்றைப் பாருங்கள். கையிலிருப்பது ஒறிஜினலா, கொப்பியா? கொப்பியின் கொப்பியில் நிறம் ஒழுகி, முகம் மங்கிப்போயிருக்கும். அதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. கனடாவில் மாமா வீட்டில் இருப்பது நல்ல கொப்பி என்று நினைத்து அதை எடுப்பிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: நம் நாட்டு ரீவிப் பட முறையின் பெயர் ‘பால்’ (PAL), வினாடிக்கு 25 படம். கனடாவில் என்.ரி.எஸ்.சி. (NTSC) என்ற முறை, கிட்டத்தட்ட 30 படம். அங்கே பார்ப்பதற்கென்று மாற்றிக் கொடுத்த கசெற்றில் தரம் ஏற்கெனவே ஒருமுறை குறைந்திருக்கும். ஊரில் கிடக்கும் பழைய ஒறிஜினல்தான் மேல்.

கசெற்றின் கண்ணாடி வழியே நாடாவில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சணம். நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரக்காற்றுக்கும் இது சாதாரணம். அப்படியே டெக்கில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கசெற்றுக்கும் பரவும். அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

சரி, இனி கருவிகள். மலிவானது யூ.எஸ்.பி. கப்சர் என்ற சின்னக் கருவி. டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை இதில் குத்தி, மறுமுனையைக் கணினியில் செருகினால் முடிந்தது. மென்பொருளில் பால் என்று தெரிவுசெய்ய மறக்கக் கூடாது; என்.ரி.எஸ்.சி.யில் விட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது உருளும். வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வேறு வேறு சிப் போட்டு விற்கிறார்கள். அதனால் ஒருவருக்கு வேலைசெய்த டிரைவர் மென்பொருள் இன்னொருவருக்குச் செய்யாது.

இதன் பெரிய குறை சத்தம் பிந்துவது. பழைய நாடா சீராக ஓடாது. நடுநடுவே சில படங்கள் தவறிப்போகும். சத்தமோ தன் பாட்டில் ஓடும். முதல் பத்து நிமிடம் பார்த்துவிட்டு நல்லாயிருக்கிறது என்று விட்டுவிட்டால், இரண்டு மணி நேரக் கசெற்றின் முடிவில் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். இதைச் சோதிக்கத் தவில்காரரைப் பாருங்கள். கெட்டிமேளம் கொட்டும் இடத்தில் கோல் தோலில் விழும் கணமும் சத்தமும் ஒன்றாக வருகின்றனவா? கடைசிப் பகுதியில் மேளம் வரும் இன்னோர் இடத்தையும் பாருங்கள். அங்கே கோல் மேலே போனபிறகு சத்தம் வந்தால், கசெற்றை அரை மணி நேரத் துண்டுகளாகத் திரும்பப் பதிவது நல்லது.

இந்தத் தொல்லை மிகக் குறைவாக இருப்பது பழைய மினி டி.வி. (MiniDV, சின்ன டிஜிட்டல் கசெற் போடும்) கமரா வழியில். டெக்கின் வயரைக் கமராவில் குத்தி, கமராவிலிருந்து ஃபயர்வயர் என்ற வயர் மூலம் கணினிக்கு எடுப்பது. படத்தையும் சத்தத்தையும் கமராவே ஒன்றாகக் கட்டி அனுப்புவதால் தவில் பிசகுவது அரிது. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜி.பி. பிடிக்கும், ஆனால் வெட்டி ஒட்ட இதைவிட வசதியான கோப்பு கிடையாது. என்னைக் கேட்டால் இதுதான் முதல் தெரிவு. சிக்கல் கமரா கிடைப்பதில்தான். ஐரோப்பாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பல கமராக்களில் வெளிப்படத்தை உள்ளே எடுக்கும் வசதி அடைக்கப்பட்டிருக்கும். பதிவுக் கருவி என்றால் அங்கே அப்போது வரி கூட, அதனால் அப்படிச் செய்தார்கள். வாங்க முன் டெக்கை இணைத்துப் பார்த்தே வாங்குங்கள். இப்போதைய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் துளை இல்லை. மேசைக் கணினிக்குத் தனிக் காட் போட வேண்டும்.

கணினியே வேண்டாம் என்றால் டிவிடி ரெக்கோடர் இருக்கிறது. கசெற் ஓட ஓட இறுவட்டில் எழுதும். வயதானவர்களுக்கு வசதிதான். ஆனால் 4.7 ஜி.பி. வட்டில் இரண்டு மணி நேரம்தான் ஒழுங்கான தரத்தில் பிடிக்கும். நான்கு மணி நேரத்துக்கு இழுத்தால் கூட்டம் நகரும் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும். முடிவில் ஃபைனலைஸ் கொடுத்து வட்டை முடித்து வைக்காவிட்டால் வேறு பிளேயரில் ஓடாது. நடுவில் கரண்ட் போனால் அந்த வட்டும் போகலாம். இந்த வழியை நான் நல்லதென்று சொல்ல மாட்டேன்.

கணினியில் பதியும்போதும் கரண்ட் போகும். யூ.பி.எஸ். இல்லாதவர்கள், ஓ.பி.எஸ். (OBS) என்ற பதிவு மென்பொருளில் பதிந்தால், கோப்பு வகையை எம்.பி.4க்குப் பதிலாக எம்.கே.வி. என்று வையுங்கள். திடீரென நின்றாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும்.

எந்த வழியானாலும், முதலில் பெரிய கோப்பாக ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவிட்டு, அதிலிருந்து இறுவட்டு அடியுங்கள். இறுவட்டு என்பது கொடுப்பதற்கு. எழுதும் வட்டின் சாயம் வெயிலிலும் சூட்டிலும் கெடும், கீறலும் விழும். பால் முறையில் அடித்த வட்டு ரொறன்ரோவில் உள்ள பல பிளேயர்களில் ஓடாது. சித்திக்கு அனுப்புவதென்றால் பென் டிரைவில் கோப்பாகவே அனுப்புங்கள். கணினியிலோ புது ரீவியிலோ பார்ப்பார். மூலக் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள்.

கடைக்குக் கொடுப்பது எப்போது? பூஞ்சணம் பிடித்ததும் நாடா அறுந்ததும் வீட்டு வேலை அல்ல. அவற்றைச் சுத்தம்செய்யத் தெரிந்த கடையாகப் பார்த்துக் கொடுங்கள். கொடுக்கும்போது மூன்று கேளுங்கள்: பதிந்த கோப்பைத் தருவீர்களா, அல்லது வட்டு மட்டுமா? நடுவில் பாட்டுப் போட்டு, பூ விழும் எஃபெக்ட் சேர்ப்பீர்களா? கசெற் திரும்பக் கிடைக்குமா? இரண்டாவதற்கு ஆம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பின்னால் கேட்கும் அப்பப்பாவின் குரலைப் பாட்டு மூடிவிடும்.